டொமைன் பதிவேட்டில் உரிமையாளரின் பெயர் தமிழிலேயே இருக்கட்டும்

சேலத்தில் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்த விதி ஒன்று உண்டு. பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும்; ஆங்கிலமும் பிற மொழிகளும் அதற்கு அடுத்தபடியாக, ஐந்துக்கு மூன்று, இரண்டு என்ற அளவில் வர வேண்டும். அதே கடைக்காரர் தம் தொழிலுக்கு ஒரு டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்கும்போது, அதற்கு உரிமையாளர் யார் என்று எழுதி வைக்கும் பதிவேட்டில் தமிழுக்குப் பெரும்பாலும் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. டொமைனையே தமிழில் வாங்கிக்கொள்ளலாம். 2007-இல், இணைய முகவரிகளை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு ‘உதாரணம்.பரிட்சை’ என்ற முகவரியை வைத்துச் சோதித்துப் பார்த்தது, 2011 முடிவதற்குள் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என முகவரியின் கடைசியில் வரும் மூன்று முடிவுகளும் இணையத்தின் வேர்ப் பட்டியலில் ஏறிவிட்டன. ஆனால், முகவரி தமிழில் இருக்க, அதன் உரிமையாளரின் பெயரும் ஊரும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று பதிவுப் படிவங்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

சேலத்திலும் ஏற்காட்டிலும் சிறு வணிகர்களுக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஆகவே இந்தப் படிவங்களை நான் அடிக்கடி நிரப்புகிறேன். உரிமையாளர் தம் பெயரை எந்த எழுத்தில் எழுதுகிறாரோ, அந்த எழுத்தில் இருப்பதே மூலப் பதிவாக இருக்க வேண்டும். ஆங்கில வடிவம் அதற்குத் துணையாக அருகில் நிற்கலாம். இன்று நிலைமை தலைகீழாக இருக்கிறது. அதற்குத் தொழில்நுட்பம் காரணமில்லை என்பதையே இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், இந்தப் பதிவேடு வெறும் சம்பிரதாயம் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு விளக்கம். டொமைன் வாங்கும்போது பெயர், நிறுவனம், தெரு, ஊர், மாநிலம், அஞ்சல் குறியீடு, நாடு, தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை கேட்கப்படுகின்றன. .காம், .நெட் போன்ற பொது முடிவுகளுக்கு ஐகானுடன், டொமைன் விற்கும் பதிவு நிறுவனங்கள் செய்துகொண்ட 2013-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, இந்த விவரங்கள் மாறினால் 7 நாள்களுக்குள் திருத்த வேண்டும். விவரம் சரிதானா என்று பதிவு நிறுவனம் கேட்டால் 15 நாள்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே திருத்தாமலோ பதில் சொல்லாமலோ இருந்தால் டொமைன் முடக்கப்படலாம், ரத்தும் ஆகலாம். பாகப் பிரிவினை, கூட்டு முறிவு, விற்பனை, களவு என எந்த வழக்கு வந்தாலும் முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது இந்தப் பதிவேடுதான். நிலத்துக்குப் பட்டா எப்படியோ, டொமைனுக்கு இது அப்படி. ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தில் தரும் பட்டாவில் நிலத்துக்காரரின் பெயர் தமிழில் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தால்தான் பட்டா என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

படிவத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நாகலூர்ப் பக்கம் காப்பியும் மிளகும் பயிரிடும் பெரியவர் ஒருவர், இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்க வேண்டும் என்று ஒரு தளம் கேட்டார். அவருடைய பெயர், பெரும்பாலான தமிழர்களின் பெயரைப் போல, தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் சேர்ந்தது. படிவத்தில் ‘முதற்பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என இரண்டு கட்டங்கள் இருந்தன, இரண்டும் கட்டாயம். “கடைசிப் பேருன்னா எங்கப்பா பேருங்களா தம்பி?” என்று கேட்டார். தந்தை பெயரைக் கடைசிக் கட்டத்தில் விரித்து எழுதினால், அவருடைய வங்கிக் கணக்கிலும் ஜி.எஸ்.டி. சான்றிலும் இல்லாத ஒரு பெயர் உருவாகிவிடும். முதலெழுத்தை மட்டும் போட்டால், இரண்டு எழுத்துக்குக் குறையாமல் வேண்டும் என்று படிவம் மறுத்தது. தமிழில் தட்டியபோது, ‘செல்லாத எழுத்துகள்’ என்ற சிவப்பு வரி தோன்றியது. மனிதர் ஐம்பது ஆண்டுகளாகக் கையெழுத்துப் போட்டுவரும் பெயரைத்தான் அந்த வரி செல்லாது என்றது. எந்தப் பதிவு நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. நான் பார்த்த படிவங்களில் பெரும்பாலானவை இந்த வார்ப்பில்தான் இருக்கின்றன.

இந்த வார்ப்பு எங்கிருந்து வந்தது என்றால், கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிகளில் ஒன்றான ஹூஇஸ் என்ற பழைய நெறிமுறையிலிருந்து வந்தது. 1982-இல், இணையம் இன்னும் ஆய்வகங்களுக்குள் இருந்த காலத்தில், யார் யார் இந்த வலையில் இருக்கிறார்கள் என்று பார்க்க உண்டான தொலைபேசிப் புத்தகம் அது. கேள்வியை ஒரு வரியில் அனுப்பினால் பதில் எழுத்துகளாக வரும், அவ்வளவுதான். அந்த எழுத்துகள் எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் எந்த முறையில், உள்ளன என்று சொல்வதற்கு அதில் இடமே கிடையாது. இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. வரிசையில் 2004-இல் வெளியான 3912-ஆம் ஆவணம் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது: இந்த நெறிமுறை பன்னாட்டு எழுத்துகளுக்கு ஏற்றதாக ஆக்கப்படவில்லை என்றும், குறியாக்கத்தை முன்கூட்டி அறியவோ தெரிவிக்கவோ முடியாததால் அதன் பயனே குறைந்துவிட்டது என்றும் அது சொல்கிறது. தமிழைப் பொறுத்தவரை இதன் பொருள் என்னவென்று பழைய தமிழ்க் கணினிப் பயனர்களுக்கு விளக்கத் தேவையில்லை. டிஸ்கி, டாம், டாப் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியாக்கத்தில் எழுதிய நாள்கள் அவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். குறியாக்கத்தைச் சொல்லாமல் தமிழ்ப் பெயரை அனுப்பும் பதிவேட்டால் அன்று யாருக்கும் பயன் இருந்திருக்காது. எனவே அந்தக் காலத்து ஆங்கிலக் கட்டாயத்தை நான் குறை கூறவில்லை. காலம் மாறிய பிறகும் கட்டாயம் மாறாததுதான் குறை.

மாற்றம் தொடங்கிய இடம் பலரும் அறியாதது. பதிவு நிறுவனம் ஒன்று, பதிவேட்டை வைத்திருக்கும் பதிவகத்துக்கு விவரங்களை அனுப்ப இ.பி.பி. என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. அதில் தொடர்பு விவரங்களுக்கான பகுதி 2009-இல் ஆர்.எஃப்.சி. 5733 ஆக நிலைபெற்றது. அந்த ஆவணத்தை முதன்முறை படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை. அஞ்சல் விவரத்தை இரண்டு வடிவங்களில் தரலாம் என்று அது சொல்கிறது. ‘பன்னாட்டு வடிவம்’ என்பது ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்புக்குள் அடங்க வேண்டும்; ‘உள்ளூர் வடிவம்’ உலக மொழிகளின் எழுத்துகளைக் கொண்ட யூனிகோடில் உள்ள எந்த எழுத்திலும் இருக்கலாம். ஒன்றை மட்டும் தரலாம், இரண்டையும் சேர்த்தும் தரலாம். அதாவது, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர் தம் பெயரையும் தெருவையும் தமிழில் எழுதி, அதனருகிலேயே ஆங்கில வடிவத்தையும் வைத்துக்கொள்ள 2009-லேயே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்த நெறிமுறையில் பெயருக்கு இருப்பது ஒரே ஒரு கட்டம். முதற்பெயர், கடைசிப் பெயர் என்ற பிரிவே அதில் இல்லை. முதலெழுத்தோடு கூடிய தமிழ்ப் பெயரை அப்படியே எழுதினால் அது தடையின்றி ஏற்கும். நாகலூர்ப் பெரியவரைத் திணறடித்த இரண்டு கட்டங்களும் படிவத்தை வடிவமைத்தவர்கள் தாங்களாகச் சேர்த்தவை.

அப்படியிருந்தும் உள்ளூர் வடிவம் ஏன் காலியாகவே கிடக்கிறது? பதிவகங்கள் பலவும் பன்னாட்டு வடிவத்தை மட்டுமே கேட்கின்றன. பதிவு நிறுவனங்கள், உலகம் முழுவதற்கும் ஒரே படிவம் என்று வைத்து, எல்லாப் பதிவகங்களுக்கும் பொதுவான குறைந்தபட்சத்தை மட்டும் பெறுகின்றன. .காம் விஷயத்தில் நிலைமை இன்னும் வேறு. அதன் பதிவகம் உரிமையாளரின் தொடர்பு விவரங்களை நெடுங்காலமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. அவை பதிவு நிறுவனத்திடமே இருந்துவந்திருக்கின்றன. ஆகவே அங்கே பதிவகத்தைக் காரணம் காட்டவும் வழியில்லை.

ஆங்கில வடிவம் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதைச் செவ்வாய்ப்பேட்டையில் கண்ணால் கண்டேன். கொலுசுத் தொழில் செய்யும் ஒரு குடும்பம். தந்தை காலமான பிறகு மகன்கள் டொமைனைத் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. பதிவேட்டில் தந்தையின் பெயரை யாரோ ஒரு முகவர் தமக்குத் தோன்றியபடி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஆதாரில் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தது, இறப்புச் சான்றின் ஆங்கிலப் பக்கத்தில் மூன்றாவது விதமாக இருந்தது. ழகரத்துக்கு ஒருவர் இஸட்-எச் போட்டிருந்தார், மற்றவர் எல் மட்டும் போட்டிருந்தார். செவ்வாய்ப்பேட்டை என்ற ஊர்ப் பெயரும் ஓர் ஆவணத்தில் பிரிட்டிஷ் காலத்துச் சுருக்கமான ‘ஷெவாப்பேட்’ ஆகவும், இன்னொன்றில் தமிழ் ஒலிப்பை அப்படியே பின்பற்றியும் இருந்தது. பதிவு நிறுவனத்தின் ஊழியர் எங்கோ தொலைவில் அமர்ந்து, மூன்றும் ஒரே மனிதர்தானா என்று சந்தேகப்பட்டார். அவர் தம் கடமையைத்தான் செய்தார். ஆனால் எல்லா ஆவணங்களிலும் தமிழ்ப் பெயர் ஓரெழுத்தும் பிசகாமல் ஒன்றாகவே இருந்தது. பதிவேட்டில் தமிழ் வரி ஒன்று இருந்திருந்தால் சந்தேகத்துக்கே இடமிருந்திருக்காது. கடைசியில் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பிய பிறகே பெயர் மாறியது. துக்க வீட்டில் இருந்தவர்கள், தங்கள் தந்தையின் பெயர் தந்தையின் பெயர்தான் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு அரசின் அனுபவமே சான்று. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மாற்றி எழுத ஆணையிட்டது. அதே மாதத்திலேயே அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. அந்தச் சில நாள்களுக்குள் முகவரியைப் பதிந்தவர் எந்த எழுத்துக்கூட்டலை எழுதியிருக்க வேண்டும்? தமிழில் எழுதியிருந்தால் ஆணை வந்தாலும் போனாலும் முகவரி மாறியிருக்காது. ஊருக்குள் ஊராக இருக்கும் எங்கள் வட்டாரத்து வளவுகளின் பெயர்களுக்கோ, அரசு ஆணையிட்ட ஆங்கில வடிவம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. தபால்காரருக்குத் தெரிந்தது தமிழ்ப் பெயர் மட்டுமே.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதை ஐகான் பல ஆண்டுகள் விவாதித்திருக்கிறது. தொடர்பு விவரங்களைக் கட்டாயமாக ஆங்கிலத்திற்கு மொழிபெயர்க்கவோ எழுத்துப்பெயர்க்கவோ வேண்டுமா என்று ஆராய ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது. அது 2015 ஜூனில் இறுதி அறிக்கையைத் தந்தது. வணிகச் சின்னங்களைக் காப்பவர்கள் கட்டாயம் வேண்டும் என்றார்கள். மோசடித் தளம் ஒன்றின் உரிமையாளரை வேற்று நாட்டில் தேடும் புலனாய்வாளருக்குத் தமிழோ சீனமோ படிக்கத் தெரியாது என்பது அவர்களின் கவலை. அந்தக் கவலை உண்மையானது. போலித் தளத்தில் பணம் இழந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் குழுவின் பெரும்பான்மை, கட்டாயம் வேண்டாம் என்று முடிவு செய்தது. கோடிக்கணக்கான பதிவுகளை மொழிபெயர்க்கும் செலவு, ஆங்கிலம் அறியாத உரிமையாளர்கள் தலையில் வந்து விழும். பெயரையும் முகவரியையும் இயந்திரத்தைக் கொண்டு பெயர்த்தால் பிழை மலியும். பதிந்தவர் தம் எழுத்திலேயே பதியட்டும், எந்த மொழி, எந்த எழுத்து என்பது பதிவில் தெளிவாகக் குறிக்கப்படட்டும் என்று குழு பரிந்துரைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐகான் வாரியம் அதை ஏற்றது.

இந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. அதற்கு நான் தரும் முதன்மையான காரணம் செலவு அல்ல. தமிழிலிருந்து ஆங்கில எழுத்துக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆங்கில எழுத்திலிருந்து தமிழுக்குத் திரும்பி வர முடியாது. ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பெயரைப் பார்த்து, அது வள்ளியா வல்லியா, கலையா காளையா என்று யாரும் உறுதியாகச் சொல்ல இயலாது. குறிலும் நெடிலும், லகர ளகர ழகர வேறுபாடும், ஒற்று மிகுதலும் ஆங்கிலத்தில் எழுதிய மாத்திரத்தில் அழிந்துபோகின்றன. ஐ.எஸ்.ஓ. 15919 போன்ற துல்லியமான எழுத்துப்பெயர்ப்பு முறைகள் இருப்பது உண்மைதான். ஆனால் மேற்கோடும் அடிப்புள்ளியும் போட்டு எழுதும் அந்த முறையில் எந்தக் கடைக்காரரும் தம் பெயரை எழுதுவதில்லை, ஆஸ்கிக்குள் அது அடங்குவதும் இல்லை. மூலத்தைப் பதிந்து வைத்தால் புலனாய்வாளர் தமக்கு வேண்டிய வடிவத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மூலத்தைத் தூக்கி எறிந்துவிட்டால் நீதிமன்றத்தில் யாரை அடையாளம் காட்டுவது?

ஆனால் அந்தப் பரிந்துரையில் ஓர் ஓட்டை இருக்கிறது. பதிவு நிறுவனம் ஆதரிக்கும் மொழியிலும் எழுத்திலும் உரிமையாளர் எழுதலாம் என்பதே அதன் வாசகத்தின் பொருள். எந்த மொழிகளை ஆதரிக்க வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தமிழ் நாட்டில் வாடிக்கையாளர்களைப் பிடிக்க விளம்பரம் செய்யும் நிறுவனம், தமிழ்ப் பெயரை ஏற்காமலேயே காலம் தள்ளிவிடலாம். தமிழர்களின் குறை முழுவதும் இந்த ஒரே இடத்தில்தான் தேங்கி நிற்கிறது.

ஹூஇஸுக்கு மாற்றாக ஆர்.டி.ஏ.பி. என்ற புதிய நெறிமுறை 2015 மார்ச்சில் வெளிவந்தது. இதில் பதில் ஜேசான் என்ற ஒழுங்கான தரவு வடிவில், யூனிகோடு எழுத்துகளை அனுப்பும் யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் வருகிறது. எந்த மொழி என்று குறிப்பிடவும் தனி இடம் உண்டு. ஒரே பெயரை இரு மொழிகளில் தந்து, இரண்டும் ஒன்றே என்று இணைத்துக் காட்டவும் வழி இருக்கிறது. 2025 ஜனவரி 28 முதல் பொது முடிவுகளுக்கு ஹூஇஸ் சேவை தர வேண்டிய கட்டாயம் நீங்கி, ஆர்.டி.ஏ.பி. முதன்மை இடத்துக்கு வந்துவிட்டது. எனவே ‘எழுத்துக் காட்ட முடியாது’ என்ற பழைய காரணம் இனிச் செல்லுபடியாகாது.

நாட்டுக்குரிய முடிவுகளில் கிழக்காசியர்கள் இதற்காகக் காத்திருக்கவே இல்லை. ஜப்பானின் பதிவகம் உரிமையாளர் பெயரை ஜப்பானிய எழுத்திலும் ஆங்கிலத்திலும் காட்டுகிறது; கொரியப் பதிவகம் கொரிய மொழியில் முதலிலும் ஆங்கிலத்தில் அடுத்தும் தருகிறது. .இந்தியா முடிவை நடத்தும் நிக்சி அமைப்பு, அரசமைப்புச் சட்ட அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் டொமைன் தருவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. பெயரைத் தமிழில் தருபவர்கள், பெயருக்கு உரியவரையும் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

தமிழை ஏற்க முன்வரும் நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய நுட்பங்கள் சில உண்டு. முதலாவது, இடம். யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் எழுத்து, கொம்பு, கால், புள்ளி என ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் அலகு) வேண்டும். ‘சேர்வராயன்’ என்பது நமக்கு ஆறெழுத்து. கணினிக்குப் பத்துக் குறிகள், முப்பது பைட். அறுபது பைட் ஒதுக்கிய கட்டத்தில் எங்கள் மலையின் பெயர் இரண்டு முறைதான் கொள்ளும். ஆகவே நீள வரம்பைக் குறிகளில் கணக்கிட வேண்டும், பைட்டில் அல்ல. இரண்டாவது, ஒரே தோற்றம் கொண்ட இரு வடிவங்கள். ‘கொலுசு’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. டொமைன் பெயரில் இதைச் சீராக்குவது கட்டாயம். உரிமையாளர் பெயரைச் சேமிக்கும்போதும் அதே சீராக்கத்தைச் செய்துவிட வேண்டும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதையும் எச்சரிக்கும் படிவம் நல்ல படிவம்.

தமிழ்ப் பெயரைச் சரிபார்க்க முடியாது என்று சில நிறுவனங்கள் பதில் சொல்கின்றன. 2013 ஒப்பந்தம் கேட்பது, மின்னஞ்சல் அல்லது தொலைபேசி வழியாக உரிமையாளரைத் தொடர்புகொண்டு உறுதி செய்வதைத்தான். அந்த வேலைக்குப் பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் ஒன்றே. 2018 மே மாதத்திலிருந்து ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டத்தின் காரணமாகத் தனிநபர் பெயரும் தெருவும் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்பட்டுவிட்டன. எனவே யாருக்கும் படிக்கத் தெரியாது என்ற பேச்சுக்கும் இடமில்லை. இன்று அந்தப் பெயரைப் பார்க்கக்கூடியவர்கள் பதிவு நிறுவனமும், முறைப்படி கேட்டுப் பெறும் காவல்துறையும் நீதிமன்றமும்தான். சேலம் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு என்றால், அங்கே தமிழ்ப் பெயரைப் படிக்க ஆளில்லாமல் போகாது.

படிவங்கள் திருந்தும் வரை என் வாடிக்கையாளர்களிடம் நான் சொல்லி வருவதை இங்கும் எழுதிவிடுகிறேன். ஆங்கிலக் கட்டத்தில் முகவருக்குத் தோன்றியதை எழுத விடாதீர்கள், ஜி.எஸ்.டி. சான்றிலோ ஆதாரிலோ உள்ள எழுத்துக்கூட்டலை ஒன்று தேர்ந்து, எல்லா டொமைன்களிலும் அதையே எழுதுங்கள். லீபஜார் மண்டிக்காரர்களாக இருந்தாலும் எஸ்டேட்காரர்களாக இருந்தாலும், மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்க வேண்டும், தளம் அமைத்துத் தருபவருடையதாக இருக்கக் கூடாது. என்னுடையதாகவும் இருக்கக் கூடாது. வாங்கிய ரசீதில் டொமைன் உரிமையாளரின் தமிழ்ப் பெயரையும் முகவரியையும் எழுதி, தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பதிவு நிறுவனம் உங்கள் விவரங்கள் சரியா என்று மின்னஞ்சலில் நினைவூட்டும். அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாமல் திறந்து பார்த்து, வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு வரி எழுதுங்கள்: ‘எங்கள் பதிவில் உள்ளூர் வடிவத்தைத் தமிழில் சேர்க்க வேண்டும், எப்போது இயலும்?’ நான் என் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்காகவும் இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் அனுப்பி வருகிறேன். ஒரு நிறுவனம் மட்டும், கோரிக்கையைத் தங்கள் தொழில்நுட்பக் குழுவிடம் சேர்த்துவிட்டதாகவும், இன்னும் பலர் கேட்டால் முன்னுரிமை கிடைக்கும் என்றும் பதில் எழுதியிருக்கிறது.